அக்காவின் சீரம்

அக்கா ரத்தப் பரிசோதனைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததுமே தங்கைக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. பதினோரு வருடமாக அந்த லேபில் ரத்தம் எடுப்பவள் அவள். இன்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பக்கத்து மேசைக்காரி வேலையை விட்டுவிட்டு அக்காவையே பார்த்தாள்.

"உங்க கூடப் பிறந்தவங்களா? ஒரு சாயல்கூட இல்லையே!"

பிறந்ததிலிருந்து கேட்டுச் சலித்த பாட்டு. அக்கா வறுத்தது, பொரித்தது, வெண்ணெய் எல்லாவற்றையும் ஒரு கை பார்ப்பாள். இடுப்பு மட்டும் இருபது வயதிலேயே நின்றுவிட்டது. தங்கைக்கோ பச்சைத் தண்ணீர் குடித்தாலும் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். கடவுள் கண்ணை மூடிக்கொண்டுதான் பங்கு பிரித்திருக்க வேண்டும்.

"மெதுவாக் குத்துடி," என்றாள் அக்கா.

கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

அக்கா போனதும் ரத்தம் பிடித்த சோதனைக் குப்பியைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்தாள். தின்ற கொழுப்பெல்லாம் ரத்தத்தில் மிதந்தால், மேலே பிரிந்து நிற்கும் சீரம் பால் கலந்த தண்ணீர் போல இருக்கும். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். மூடியைத் திறந்தால், வைக்கோல் நிறத்தில் அப்படி ஒரு தெளிவு. பாவி, ரத்தத்தில்கூட அழகாக இருக்கிறாளே!

அரை மணி நேரத்தில் முடிவு திரையில் வந்தது. கெட்ட கொழுப்பு: இருநூற்று எண்பத்தாறு. நூற்றுக்குள் இருக்க வேண்டியது.

யானைக்கு ஒரு காலம், பூனைக்கு ஒரு காலம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம்தான் உறைத்தது. சீரத்தைக் கலங்கடிப்பது வேறு கொழுப்பு. இது தெளிவாகவே இருந்துகொண்டு, வருடக்கணக்கில் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து, இதயத்துக்குப் போகிற வழியை அடைக்கும். இவ்வளவு அதிகம் என்றால் பெரும்பாலும் பெற்றவர்களிடமிருந்து பிறப்பிலேயே வருவது. அப்பாவும் ஒல்லிதான். நாற்பத்து மூன்று வயதில், சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். அக்காவுக்கு அடுத்த மாதம் நாற்பத்து மூன்று.

போன் போட்டாள். "அக்கா, கொழுப்பு ரொம்ப அதிகம். இன்னைக்கே டாக்டரைப் பாரு. மாத்திரை போட்டா இறங்கும்."

"எனக்கா? நான்தான் குச்சி மாதிரி இருக்கேனே!"

"அப்பாவும் அப்படித்தானே இருந்தாரு."

அக்கா கேட்டாள்: "அப்போ உனக்கு எவ்வளவுடி?"

ஊரார் ரத்தத்தையெல்லாம் அளந்தவள் தன் ரத்தத்தை ஒரு நாளும் அளந்ததில்லை. அப்பா போனதிலிருந்து அந்த எண்ணின் மேல் அவளுக்குப் பயம். போனை வைத்துவிட்டு, ரப்பர் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்துத் தன் கையில் கட்டினாள்.

"என்னங்க, உங்களுக்கேவா?" என்று சிரித்தாள் பக்கத்து மேசைக்காரி.

"காலையில சொன்னீங்களே, எங்களுக்குள்ள ஒரு சாயல்கூட இல்லைன்னு," என்றாள் தங்கை. "நிஜமாவே இல்லைதானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."