நாற்பத்தைந்து மில்லிமீட்டர்

இன்னும் ஆறு மணி நேரம் வேலைத்தளத்தில் நின்றால் என் பயிற்சிப் பதிவேடு நிறைந்துவிடும். எனக்குப் பயிற்சி தரும் ஆர்க்கிடெக்ட் மேடம் கையெழுத்துப் போட்டதும், இன்று மாலை ஐந்தரைக்குள் ஆர்க்கிடெக்ட் கவுன்சில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தவறினால் பதிவுத் தேர்வு அடுத்த வருடம்தான். மனைவி இறந்த பிறகு ஏழு மாதம் நான் வேலைக்குப் போகவில்லை. அதனால்தான் கடைசி நாள் வரை வந்துவிட்டது.

காலையில் மாமியார் சாப்பாட்டுப் பையைக் கையில் திணித்தார்.

"மாப்பிள்ளை, இன்னைக்கு ஆர்க்கிடெக்ட் ஆயிட்டுத்தான் வீட்டுக்கு வரணும். எதிர்வீட்டுக்காரி, உங்க மாப்பிள்ளை இன்னுமா படிக்கிறாருன்னு கேக்குறா."

"அதுக்கப்புறம் பரீட்சை இருக்கு அத்தை."

"அது வேறயா!"

எட்டு மணிக்குத் தளத்தில் இருந்தேன். இரண்டு மாடி ஆஸ்பத்திரி. அதன் மாடிப்படி நான் வரைந்தது. கான்கிரீட் ஊற்றப் பலகை அடித்து முடித்திருந்தார்கள். பதினோரு மணிக்குக் கான்கிரீட் லாரி வரும்.

பத்து மணிக்கு, ஆஸ்பத்திரி கட்டும் டாக்டருக்கு நிறம் காட்டுவதற்காக, டைல்ஸ்காரர் படியின் கீழே கலவை போட்டு ஒரே ஒரு கல்லைப் பதித்தார். அதைப் பார்த்தேன். பிறகு படியைப் பார்த்தேன்.

கீழ்த்தரையிலும் மாடித் தரையிலும் கல்லும் கலவையும் சேர்ந்து எழுபத்தைந்து மில்லிமீட்டர் ஏறும். படியில் முப்பதுதான் ஏறும். அந்த வித்தியாசத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. முதல் படியின் உயரம் நாற்பத்தைந்து குறையும். மாடியில் கடைசிப் படி நாற்பத்தைந்து கூடும். ஏறுகிறவர்கள் அத்தனை பேரும் அங்கே தடுக்குவார்கள்.

வேறு யாரும் கவனிக்கவில்லை.

"மேஸ்திரி, கான்கிரீட் வேண்டாம். படி தப்பு."

"யார் தப்பு?" பலகை அடித்தவரை முறைத்தார்.

"என் தப்பு."

மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டார். "முப்பது வருஷமா இந்த வார்த்தையை ஒரு சார் வாயிலயும் கேட்டதில்ல. டேய், எல்லாரும் இங்க வாங்கடா! சார், இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன்.

"விட்டிருந்தாலும் மோசமில்ல சார். ஆஸ்பத்திரிதானே, விழுந்தா அங்கேயே கட்டுப் போட்டுக்குவாங்க" என்றார் மேஸ்திரி.

மேடத்தைப் போனில் அழைத்தேன். "லாரியை ஒரு மணிக்கு மாத்துறேன். அதுக்குள்ள சரி பண்ணுங்க" என்று வைத்துவிட்டார்.

இருபது படி. ஒவ்வொரு பலகையையும் நாற்பத்தைந்து மில்லிமீட்டர் உயர்த்தி அடிக்க வேண்டும். நானும் ஒரு சுத்தியலை எடுத்தேன்.

"சார், ஆணி அந்தப் பக்கம் இருக்கு. அது உங்க கட்டைவிரல்" என்றார் பலகைக்காரர்.

ஒரு மணிக்கு மேடம் வந்தார். முதல் படியையும் கடைசிப் படியையும் அளந்தார். பதிவேட்டை வாங்கிப் பார்த்தார்.

"பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும் உங்க தப்பை நீங்களே திருத்தினது. அது பயிற்சி இல்ல, பரிகாரம். கணக்குல வராது. ஆனா எழுதி வைங்க."

எழுதினேன். அப்படியென்றால் ஐந்து மணி வரை நிற்க வேண்டும். கவுன்சில் ஊரின் மறுகோடியில் இருந்தது.

லாரி வந்தது. படியும் மேல்தளமும் நிரம்பின. சரியாக ஐந்து மணிக்கு மேடம் தன் கார் மேல் பதிவேட்டை வைத்துக் கையெழுத்திட்டார். மேஸ்திரி பைக்கை உதைத்தார்.

"ஏறுங்க சார். கண்ணை மூடிக்குங்க. நானும் பாதி நேரம் மூடிக்கிட்டுத்தான் ஓட்டுவேன்."

ஐந்து இருபத்தெட்டுக்குக் கவுன்சில் ஜன்னலில் நின்றோம். உள்ளே இருந்த அம்மாள் கைப்பையை மாட்டியிருந்தார். பெருமூச்சு விட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இதையெல்லாமா எழுதுவாங்க?"

"எழுதச் சொன்னாங்க."

மறுபடி படித்தார். கைப்பையைக் கீழே வைத்தார். "எங்க வீட்லயும் மேல்படி தடுக்கும். பதினஞ்சு வருஷமா எங்க வீட்டுக்காரரைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன், காலைத் தூக்கி வைக்கத் தெரியலன்னு."

"ஞாயித்துக்கிழமை சாரோட வந்து பாக்குறேம்மா" என்றார் மேஸ்திரி. "இப்ப முத்திரையை வைங்க."

முத்திரை விழுந்தது. மேஸ்திரி ஜன்னல் வழியே தலையை நீட்டி, மை காய ஊதினார்.