ராதாமேஸ் உரேனியா விட்டுப்போன நிழல்

1979 ஜூலை இரண்டாம் தேதி காலை பேருந்தேறி ஹார்ட்வெல் நகரத்துக்குப் போன ராதாமேஸ் உரேனியா, தன் நிழலை டன்லீயில் ஆர்லீன் குவாஸ்ட் வீட்டுப் பின்வாசல் படியிலேயே விட்டுவிட்டுப் போனான். அன்று மக்காச்சோளம் புஷலுக்கு இரண்டு டாலர் எண்பது செண்ட் போனது; ஆற்றில் தண்ணீர் பதினோரு அடி. ஒன்பதரை மணிக்குக் குப்பைக் கூடையோடு பின்பக்கம் வந்த ஆர்லீன், படியில் ஆள் இல்லாமல் நிழல் மட்டும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். தொப்பி, ஒல்லிக் கழுத்து, முழங்கால் வரை நீண்ட கைகள். மூன்று மாதமாகக் காலையில் அவன் காப்பி குடித்த இடம் அது. யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "பஸ்ஸை விட்டுட்டியா?" என்று கேட்டாள். நிழல் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தது. அவளும் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ராதாமேஸ் அதுவரை ஆடிய டன்லீ கெளுத்திகள் என்ற பேஸ்பால் அணியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முப்பத்தொரு வருடமாக மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. எட்டு அணிகளில் ஏழாவதாக வந்த வருடம் ஊரில் வாணவேடிக்கை விட்டார்கள். குற்றம் யாருடையதும் இல்லை. டன்லீ ஒரு நாற்றங்கால். நன்றாக வளர்ந்த பையனை மேல்நிலை அணிக்காரர்கள் பிடுங்கிக்கொண்டுபோய் வேறு ஊரில் நடுவார்கள், ராதாமேஸை ஹார்ட்வெல் கொண்டுபோனது போல. வளராதவன் இங்கேயே நிற்பான். அதனால் டன்லீ ரசிகனுக்கு வாய்விட்டு வேண்டிக்கொள்ளவும் முடியாது. பையன் அடித்தால் போய்விடுவான், அடிக்காவிட்டால் அணி தோற்கும். அணி கொடுக்கிற சம்பளத்தில் வாடகைக்கு இருக்க முடியாது என்பதால், கோடை முழுவதும் ஆளுக்கு ஒருவனை ஊர்க்காரர்களே வீட்டில் வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்த ஆர்லீனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கணவர் ஆர்வில் போய்ப் பதினொரு வருடம். அதன் பிறகு கோடைக்கு ஒருவனாகப் பதினொரு பேர் அவள் வீட்டு மாடியறையில் தங்கிப் போயிருந்தார்கள். எல்லாரும் முதல் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினார்கள். இரண்டாவது கிறிஸ்துமஸுக்கு யாரும் அனுப்பியதில்லை. ராதாமேஸ் தீவுக்காரன், கரும்பாலை ஊரில் பிறந்தவன், பத்தொன்பது வயது. அவன் ஊரில் பெரிய பெண்களை அழைப்பது போல அவளை "டோன்யா" என்று அழைத்தான். அவன் போன அன்று மாடியறைப் படுக்கை விரிப்பைத் துவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

நிழல் பழக்கம் மாறாத ஜீவன். பத்தரைக்குப் படியிலிருந்து எழுந்து, வாதுமை மரத்தடியில் ஒரு நிமிஷம் காணாமல் போய், மறுபக்கம் வெளிவந்து, கால் விரல்களை உள்ளே வளைத்து நடக்கிற அவனுடைய அதே நடையில் மைதானத்துக்குப் போகும். அங்கே ஓடுகிறவன் தொட்டுப் போகிற இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, அவன் நின்ற இடத்தில் நிற்கும். அவனுக்குப் பதிலாக வந்திருந்தவன் ஒப்புக்குச் சப்பாணி. குனிவதற்குள் பந்து அவனைத் தாண்டிப் போய்விடும். ஆனால் நிழல் மேல் உருண்டு வந்த பந்து, ஈரமணலில் விழுந்தது போல வேகம் அடங்கி நின்றது. சப்பாணி நிதானமாகக் குனிந்தான், எடுத்தான், வீசினான், அவுட். முதல் வாரம் நாலு ஆட்டம், நாலும் ஜெயம். மைதானத்தைப் பராமரிக்கும் கிளைட் சுண்ணாம்புக் கோடு போடும்போது நிழலைச் சுற்றிப் போட ஆரம்பித்தான்.

எதிரணிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒன்பது பேர் ஆடவேண்டிய இடத்தில் பத்தாவது ஆளை இறக்குகிறார்கள் என்று புகார் கொடுத்தார்கள். அம்பயர் விதிப் புத்தகத்தை எடுத்துக் கால் மணி நேரம் புரட்டினார். ஆளில்லாத நிழலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மைதானத்துக்கும் அதன் சொந்த விதிகள் சில உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு மேலாளர்களையும் நிற்கவைத்து அம்பயர் அவற்றைச் சொல்வார். டன்லீயில், பந்து ஓக் மரக் கிளையில் பட்டால் அடித்தவனுக்கு இரண்டு பேஸ் என்று ஒரு விதி ஏற்கெனவே இருந்தது. அதற்குக் கீழே, நிழலில் பட்ட பந்து ஆட்டத்தில் உள்ள பந்தே, நிழல் மைதானத்தைச் சேர்ந்தது, தேங்கிய தண்ணீர் போல, என்று இன்னொன்று சேர்ந்தது. எதிரணி மேலாளர் தொப்பியைத் தரையில் அடித்தார். அத்தோடு அந்த வழக்கு முடிந்தது.

மைதானத்தில் விளக்குகள் கிடையாது, எல்லாம் பகல் ஆட்டம்தான். மேகம் போட்டால் தோற்றார்கள், வெயில் அடித்தால் ஜெயித்தார்கள். மழைக்காக ஏங்கவேண்டிய சோள விவசாயிகள் தேவாலயத்தில் வெயிலுக்கு வேண்டிக்கொண்டது அந்த வருடம்தான். ஆகஸ்ட் பத்தாம் தேதி கெளுத்திகள் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார்கள். வெளியூர் ஆட்டங்களில் மட்டும் பழைய கதைதான், ஏனென்றால் நிழல் அணியின் பேருந்தில் ஏறுவதில்லை. இருபத்திரண்டு வருடமாக அணியை நடத்தி, அதில் ஒரு கோப்பையைக்கூடத் தொட்டுப் பார்க்காத மேலாளர் டட்லி போக், ஒருநாள் எடை மேடைக்கே வந்துவிட்டார்.

"ஏன் ஆர்லீன், அது உங்க வீட்லதானே இருக்கு? பஸ்ல ஏறச் சொல்லேன்."

"நான் சொன்னா கேக்குமா டட்லி? அதுக்குக் காதே இல்ல."

"அவன் இருந்தப்ப எப்படி ஏறுவான்?"

"காலால ஏறுவான்" என்றாள் ஆர்லீன், அடுத்த லாரியைக் கையசைத்து உள்ளே கூப்பிட்டாள்.

அவளுக்கு விடை தெரியும். அவன் இருந்தவரை, வெளியூர் ஆட்டத்தன்று காலையில் இரண்டு சாண்ட்விச்சைப் பழுப்புக் காகிதப் பையில் போட்டு மடித்து, தன் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் வைப்பாள். ராதாமேஸ் பையைப் பார்த்ததும் பின்னால் திறந்த பகுதியில் தாவி ஏறிக்கொள்வான். பேருந்து நிற்கிற இடம் வரை அப்படித்தான் போவான். பையைக் கட்டி வைத்தால் நிழலும் ஏறும். ஏறினால் அணி வெளியூரிலும் ஜெயிக்கும். ஆனால் ஐந்து நாள், ஆறு நாள் படி காலியாகக் கிடக்கும். முப்பத்தொரு வருடம் ஒரு ஆட்டம் தவறாமல் மூன்றாம் பேஸ் பக்கத்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து புள்ளி எழுதியவள், அணி தோற்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தினமும் காலையில் இரண்டு கோப்பை காப்பி போட்டாள். பதினொரு வருடத்தில் அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஞாயிறுதோறும் ராதாமேஸ் ஹார்ட்வெல்லிலிருந்து போன் செய்தான். முதல் வாரம் ஊர் பெரிசு என்றான். இரண்டாம் வாரம் சாப்பாடு சரியில்லை என்றான். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி ஹலோகூடச் சொல்லாமல் ஆரம்பித்தான்.

"டோன்யா, அறுபத்தொரு தடவை மட்டை பிடிச்சேன். மூணே மூணு அடி. பந்து காலுக்கு நடுவுல போகுது. வெயில்ல குனிஞ்சு பாத்தா எனக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. எங்க நிக்கிறேன்னே தெரியல."

"டாக்டர்கிட்ட காமிச்சியா?"

"காமிச்சேன். கண்ணு நல்லா இருக்காம். மாசக் கடைசிக்குள்ள அடிக்கலைன்னா டிக்கெட் வாங்கிக் கொடுத்து ஊருக்கு அனுப்பிடுவாங்களாம். அங்க போனா கரும்பு வெட்டத்தான் போகணும் டோன்யா."

அது எங்கே இருக்கிறது என்று அப்போதும் அவள் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நிழல் படியில் உட்கார்ந்து, இல்லாத பந்தைக் கைக்குக் கை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. புதன்கிழமை கிளைடிடம் மட்டும் சொன்னாள். கிளைட் சுண்ணாம்பு வண்டியை நிறுத்தி யோசித்தான்.

"இன்னும் பதினெட்டு ஆட்டந்தான். செப்டம்பர்ல கொண்டுபோய்க் கொடேன். பையனுக்கு வயசிருக்கு, வேற எங்கயாவது பொழச்சுப்பான். நமக்கு ஏது ஆர்லீன் இன்னொரு தடவை?"

"நமக்கு இல்லதான்" என்றாள் அவள். கிளைட் சொன்னதில் தப்பு ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளைக் கஷ்டப்படுத்தியது.

வியாழக்கிழமை விடிந்ததும் இரண்டு சாண்ட்விச் செய்து பையை மடித்து முன்சீட்டில் வைத்தாள். சூரியன் கூரைக்கு மேல் வந்ததும் நிழல் படியிலிருந்து எழுந்து, பையை எட்டிப் பார்த்து, வண்டியின் பின்னால் ஏறிப் படுத்துக்கொண்டது. போகிற வழியில் பழக்க தோஷம், வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டு பவுண்டு கூடுதலாகக் காட்டியது. ராதாமேஸின் எடையும் அதுதான். ஹார்ட்வெல் எட்டு மணி நேரப் பயணம். பாலங்களுக்கு அடியில் போகும்போதெல்லாம் அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டாள்.

ஹார்ட்வெல் மைதானத்தில் ஆட்டக்காரர்கள் போகும் வாசலில் அவன் நின்றிருந்தான், இளைத்து, சட்டை தோளில் தொங்க. நிழல் வண்டியிலிருந்து இறங்கி நேராகப் போய், வீட்டுச் செருப்பை மாட்டுவது போல அவன் காலில் மாட்டிக்கொண்டது. அவன் ஒரு காலைத் தூக்கினான், வைத்தான், மறுகாலைத் தூக்கினான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எப்பலேர்ந்து இது உங்ககிட்ட இருந்துது?"

"நீ போன நாள்லேர்ந்து."

"ஞாயித்துக்கிழமை பேசினப்பவும்?"

"பேசினப்பவும். படியிலதான் உக்காந்திருந்துது. நான் சொல்லல. தனியா இருந்து பழகிட்டேன்னு நெனச்சேன், பழகலடா."

அவன் சாண்ட்விச் இருக்கிறதா என்று கேட்டான். வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து இரண்டையும் தின்றான், காகிதத்தையும் வழித்தான். அவள் ஆட்டம் பார்க்க நிற்கவில்லை. மறுநாள் காலை லாரிகள் வரும். ஊருக்குப் பாதி வழியில் பெட்ரோல் போட இறங்கினபோது சாயங்கால வெயில் எல்லாவற்றையும் நீட்டிப் போட்டிருந்தது. பெட்ரோல் பம்பின் நிழல் இருந்தது, வண்டியின் நிழல் இருந்தது. அவளுடையது இல்லை. திரும்பிப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். எட்டு டாலருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கெளுத்திகள் மீதி ஆட்டங்களில் ஒன்று ஜெயித்து, மற்றதையெல்லாம் தோற்று, ஆறாம் இடத்தில் முடித்தார்கள். டன்லீயில் யாரும் சண்டைக்கு வரவில்லை, அவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. கடையில் பார்த்தால் "ஹலோ ஆர்லீன்" என்றார்கள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மூன்றாம் வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இருக்கைகள் காலியாயின. டட்லி போக் அந்த வருடத்தோடு ஓய்வுபெற்று, மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ராதாமேஸ் போன் செய்தான். கத்தினான் என்றுதான் சொல்ல வேண்டும்.

"டோன்யா! பத்து நாள்ல பதினாறு அடி! ஊருக்கு அனுப்பலயாம்! அப்புறம், உங்களோடது இங்கதான் இருக்கு. மூணாம் பேஸ் பக்கம், மூணாவது வரிசைல உக்காந்துக்குது. அம்பயர் தப்பாச் சொன்னா எந்திரிச்சுக் கையை ஆட்டுது. இங்க எல்லாரும் பயப்படறாங்க அதுக்கு."

"டிக்கெட் கேட்டாங்களா?"

"இல்ல. இடத்த அடைக்கல, இருந்துட்டுப் போகட்டும்னாங்க. அனுப்பி வைக்கவா? பையில சாண்ட்விச் கட்டிப் பாக்கறேன்."

ஆர்லீன் போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். வெளியே படியில் வெயில் அப்பட்டமாக விழுந்திருந்தது.

"வேணாம்" என்றாள். "அதுவாவது உன்கூட இருக்கட்டும்."

அதன் பிறகு அவன் இன்னும் பெரிய நகரத்துக்கும், அங்கிருந்து தொலைக்காட்சியில் காட்டுகிற அணிக்கும் போனான். ஒன்பது வருடம் ஆடினான். போன் ஞாயிறுதோறும் என்பது மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒன்றானது, ஆனால் நிற்கவில்லை. அவளுடைய நிழல் அவனோடு ஊர் ஊராகப் போனது, குளிர்காலத்தில் அவனுடைய தீவுக்கும் போய்வந்தது. டன்லீக்கு ஒருதரமும் வரவில்லை. அவள் வீட்டு மாடியறையில் கோடைக்கு ஒருவனாகப் பையன்கள் தங்கினார்கள், அவரவர் நிழலோடு வந்து, அவரவர் நிழலோடு போனார்கள். கிடங்குக்கு வரும் லாரிக்காரர்களில் புதியவன் யாராவது அவள் காலடியைப் பார்த்து விழித்தால், பக்கத்தில் இருப்பவன், "அது வெளியூர்ல இருக்கு" என்பான், அத்தோடு இரண்டு பேரும் சோளத்தின் ஈரப்பதத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஆட்ட நாட்களில் பிற்பகல் வெயில் மூன்றாம் வரிசையில் சாயும். கெளுத்திகள் ஏழு ரன், எட்டு ரன் என்று பின்தங்கியதும் ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து வண்டியை எடுப்பார்கள். ஆர்லீன் கடைசி அவுட் வரை உட்கார்ந்து, அதையும் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.