நாற்பத்தொரு நொடி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. அண்ணிக்கு எழுத வேண்டிய மன்னிப்புக் கடிதம். 'அன்புள்ள அண்ணி' என்பதற்கு மேல் கை ஓடவில்லை. கடிதத்தில் பொய் சொல்லக் கூடாது, கதையில் சொல்லலாம். அதனால் இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

2

முதல் முயற்சி: அண்ணன் இறந்த ஐந்தாம் மாதம், அவருடைய ஏழு கணினிகளும் ஏழு திசைக்குப்

(வேண்டாம். அலங்காரம் பண்ணுகிறேன். அதில் ஓடியவை ஐந்துதான்.)

இரண்டாம் முயற்சி: "எல்லாத்தையும் அவரோட ஆளுங்களுக்கே கொடுத்துடுப்பா. குரலை மட்டும் எனக்கு எடுத்து வை" என்றார் அண்ணி.

இது இருக்கட்டும்.

3

ஆட்கள் என்றால் எங்கள் கட்டற்ற மென்பொருள் குழு; யாரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்று மென்பொருள் எழுதுகிறவர்கள். நானும் அதில் ஒருவன். பழைய கணினியை எங்களில் யாரும் இரும்புக் கடைக்குப் போடமாட்டோம். தேவைப்பட்டவருக்குச் சும்மா கொடுப்போம். அதற்கு விதிகள் உண்டு. கொடுப்பவர் டிஸ்க்கை முழுசாக அழித்து, இருக்கிற கோளாறை ஒளிக்காமல் எழுதி ஒட்ட வேண்டும். ('இடது ஷிஃப்ட் அடம்பிடிக்கும்' என்பது அண்ணன் ஒட்டியது.) வாங்குபவர் உள்ளே எட்டிப் பார்க்காமல் இன்னொரு முறை அழிக்க வேண்டும். மனிதர்கள் மறதிக்காரர்கள் என்பதால் இந்த இரண்டாம் அழிப்பு. இதை முன்மொழிந்தவரும் அண்ணன்தான்.

குரல் என்பது, ஒலிப்பதிவு மென்பொருள் ஒன்றுக்கு அவர் பிழை பார்த்துக் கொடுத்தபோது பதிந்தது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மைக்கின் முன்னால் உட்கார்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். இருநூறுக்கு மேல் பதிவுகள். போட்டோவுக்கே முகம் கொடுக்காத மனிதர். வேறு எங்கும் அவர் குரல் இல்லை.

4

அண்ணனின் கணினி ஒன்றில் ஒரே மாதிரி இரண்டு டிஸ்க். குரல் இல்லாததைத்தான் அழித்தேன். திரையில் மூன்று முறை சரிபார்த்த பிறகே கட்டளையைத் தட்டினேன். பிறகு இரண்டையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து, அழிக்காததைப் பெட்டியில் போட்டு, 'முழுசாக அழித்தது' என்று ஒட்டி அனுப்பினேன். கட்டளையில் தப்பு பண்ணாதவன் ஒரு டீயில் கோட்டைவிட்டேன்.

நகல் எடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர்கள் நாங்கள். மறுநாள் அந்த நகலை எடுக்கத்தான் கையிலிருந்த டிஸ்க்கைச் செருகினேன். அதில் ஒன்றுமே இல்லை.

5

பெட்டி போனது ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு. இவரை மாற்றி எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் சோம்பேறியாக இருந்து, பெட்டியைப் பிரிக்காமல் மூலையில் போட்டிருந்தால் குரல் பிழைத்திருக்கும். ஆனால் அவர் விதி தவறாதவர், வந்த அன்றே அழிக்க உட்கார்ந்துவிட்டார். பழி போட ஆள் கிடைக்கவில்லை.

"தொண்ணூறு சதவீதம் ஆயிடுச்சுங்க. இப்ப நிறுத்திட்டேன். மிச்சத்துல தேடிப் பாக்குறேன்" என்றார், நான் பதறிப்போய் போன் பண்ணியதும்.

மூன்று நாள் தேடினார். ஒரே ஒரு ஒலிக்கோப்பு கிடைத்தது. பெயர், தேதி எல்லாம் போய்விட்டன. நீளம் மட்டும் தெரிந்தது: நாற்பத்தொரு நொடி. போட்டுக் கேட்டாரா என்று விசாரித்தேன்.

"அதெப்படிங்க கேப்பேன்? உங்க வீட்டு விஷயம்."

6

முடிவுகள்.

(அ) அண்ணன் தெளிவாக எண்ணுகிறார். நடுவில் அண்ணியைக் கூப்பிடுகிறார்.

(ஆ) மின்விசிறி இரைச்சல் மட்டும்.

(இ) மெக்கானிக் கெட்டிக்காரர். இருநூறு பதிவுகளும் மீண்டுவிடு

முதலில் (இ)யைத்தான் எழுதினேன். கதையில் பொய் சொல்லலாம் என்றேனே. அண்ணியும் இதைப் படிப்பார் என்று தோன்றியதும் பாதியில் விட்டேன்.

7

நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஹெட்போனுக்குக் கை நீட்டினார். அண்ணனுடையதுதான், இடது காது வேலை செய்யாது. வலது பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பொத்தானைத் தட்டிவிட்டு, திரையில் நொடிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நாற்பத்தொன்றில் நின்றது. அண்ணி கையை எடுக்கவில்லை.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். உள்ளே என்ன இருந்தது என்று இன்றுவரை நான் விசாரிக்கவில்லை. எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. நீங்கள் எங்கள் குழுவில் இல்லை. வேண்டுமானால் அண்ணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.