வளர்பிறைக் கழகத்தின் சட்டைகள்

திருவேட்டக்குடி வளர்பிறைக் கால்பந்துக் கழகத்தின் பத்தாம் எண் சட்டை, 2015 மார்ச்சில், உள்ளே ஆளில்லாமல் தன் முதல் கோலைப் போட்டது. அதற்குரிய ரிஃபாய் மூன்று வாரம் முன்புதான் குவைத்துக்குப் போயிருந்தான். கிளம்பும்போது கோல்கீப்பர் சிவராமனிடம், "போயிட்டு வர்றேண்ணே" என்று சொல்லியிருந்தான். வருகிறேன் என்றவனின் இடத்தைச் சட்டை பார்த்துக்கொண்டது. நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஆள் சட்டையில்லாமல் ஆடக்கூடாது என்று இருந்தது. சட்டை ஆளில்லாமல் ஆடக்கூடாது என்று இல்லை. கோல் செல்லும் என்றார்.

அடுத்த ஒன்பது வருடத்தில் நெல்வயல்கள் மனைகளாயின, மைதானத்துக்கு வடக்கே கிரிக்கெட் வலை வந்தது, ஆட்டக்காரர்கள் விமானத்திலும் சென்னை பஸ்ஸிலும் ஏறினார்கள். வர்றேன் என்று சொல்லாமல் போனவர்களின் சட்டைகள் பெட்டியில் மடிந்து கிடந்தன. சொல்லிவிட்டுப் போன ஐந்து பேரின் சட்டைகள் ஆடின. ரிஃபாயின் அத்தா சேக் அலாவுதீன் அவற்றைத் துவைத்துக் காயப்போட்டார். இடைவேளையில் அவற்றுக்கும் நன்னாரி சர்பத் ஊற்றி வைத்தார். "பாவம், வெயில்ல ஓடுதுங்கள்ல" என்பார். டம்ளர்கள் காலியாகத்தான் திரும்பின.

2024இல் மிஞ்சிய மனிதர்கள் சிவராமனும் இடது பேக் கார்முகிலும்தான். ஐந்து சட்டைகளோடு சேர்த்தால் ஏழு. ஏழுக்குக் குறைந்தால் ஆட்டமில்லை. ஆட்டம் தவறினால் லீக்கில் பெயரில்லை. பெயர் போனதும் மைதானத்தில் ஊன்றுவதற்கென்று மனைக்கற்கள் ஓரத்தில் ஏற்கெனவே இறங்கியிருந்தன. அப்போது பார்த்து கார்முகிலுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கேட்டதும் சிவராமனுக்கு வார்த்தை தடித்துவிட்டது.

"போடா. எல்லாரும் போங்க. நான் ஒத்தையா நிக்கிறேன்."

"போறேன்" என்றான் கார்முகில். அதற்கு மேல் சொல்லவில்லை. அவனுடைய மூன்றாம் எண் சட்டை கயிற்றில் வெறும் துணியாகத் தொங்கியது.

சிவராமன் அதை உதறிப் பார்த்தான், கெஞ்சினான், கோயிலில் சாமி காலடியில் வைத்து எடுத்துவந்தான். அசையவில்லை. லீக்கின் கடைசி ஆட்டத்தன்று மாலை நான்கு மணிக்கு நடுவர் எண்ணிப் பார்த்து, "ஆறுதாங்க இருக்கு. பத்து நிமிஷம் தர்றேன்" என்றார். சிவராமன் ஓசூருக்கு போன் போட்டான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு வாங்கிவிடத்தான் போட்டான். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே கார்முகிலின் இருமல் கேட்டதும், கேட்க வந்தது மறந்துபோனது.

"சாப்பிட்டியாடா?"

"இல்லண்ணே. ஷிப்ட் முடியல. நீங்க?"

"ஆச்சு. வெந்நி வச்சுக் குடி. அன்னிக்கு நான் பேசுனத மனசுல வச்சுக்காத."

"அதெல்லாம் இல்லண்ணே. சூப்பர்வைசர் பாக்குறாரு. சரி, வர்றேண்ணே."

போனை வைக்கும்போது எல்லோரும் சொல்வதுதான். கயிற்றிலிருந்த மூன்றாம் எண் சட்டை தோளை நிமிர்த்தி இறங்கி, இடது ஓரத்தில் போய் நின்றது.

வளர்பிறை நாலுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. மைதானத்தில் அந்த வருடம் கல் ஊன்றவில்லை. முதல் பாதி முழுக்க மூன்றாம் எண் சட்டை இருமிக்கொண்டே ஓடியது. இடைவேளையில் சேக் அலாவுதீன் அதன் டம்ளரில் மட்டும் வெந்நீர் ஊற்றினார்.