கணுவுக்குக் கீழே ஒரு வெட்டு

பேருந்து நிலைய அறிவிப்பாளரின் மகள் வெளியூர் வேலைக்குப் போன பதினோராம் நாள், குளியலறை ஜன்னலில் தண்ணீரில் நின்ற அவளுடைய பின்னல் வேர் விட்டது. நான்கு வேர்கள், வெள்ளையாக, ஒவ்வொன்றும் ஓர் அரிசி நீளம். அறிவிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அன்றைக்கு மாற்ற வேண்டிய தண்ணீரை மாற்றிவிட்டு வேலைக்குப் போனார். காலை ஏழு பத்து வண்டியை இரண்டு நிமிஷம் பிந்தி அறிவித்தார் என்பதைத் தவிர நிலையத்தில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அந்த வீட்டில் எதை வைத்தாலும் வேர் விடும் என்பது தெருவுக்குப் பழைய செய்தி. மாடியில் மூன்று சின்ன அறைகள். கணவர் போன பிறகு அம்மாவும் மகளும் மட்டும். ஜன்னல் விளிம்பு, அலமாரி மேல்தட்டு, தண்ணீர்த் தொட்டியின் மூடி என்று இடம் இருந்த இடமெல்லாம் ஜாம் பாட்டில்களும் விரிசல் விட்ட டம்ளர்களும் நின்றன. அவற்றில் மணி பிளான்ட், குரோட்டன்ஸ், இலையிலிருந்தே முளைக்கும் பிகோனியா. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் காலியான பழுப்புப் பாட்டில்களைக் கழுவிக் கொடுத்தனுப்புவார். வெளிச்சம் புகாத பாட்டிலில் வேர் சீக்கிரம் பிடிக்கும். அறிவிப்பாளரின் முறையில் மர்மம் ஒன்றும் கிடையாது. கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே, சாய்வாக, ஒரே வெட்டு. அடி இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். மூன்றாம் நாள் தண்ணீர் மாற்ற வேண்டும். நேர் வெயில் ஆகாது. வாரம் ஒருமுறை பாட்டிலைக் கால்வட்டம் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் செடி ஒருபக்கமாகச் சாயும். இவ்வளவுதான். ஊறப்போட்டு மறந்த மரக்கரண்டி ஒருமுறை துளிர்த்தது. பிடி உடைந்த குடை ஒன்று தொட்டியில் வேரூன்றி, மழை நாட்களில் மட்டும் தானாக விரிந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் பதியன் கொடுத்ததில், தெருவில் பாதி வீடுகளில் ஒரே மணி பிளான்ட்தான் வளர்ந்தது. ஒரு வீட்டில் அது வாடினால் எல்லா வீட்டிலும் வாடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகளுக்கு வேலை கிடைத்தது மூக்குக்கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கும் தொழிற்சாலையில். பேருந்தில் பதினொரு மணி நேரப் பயணம். இயந்திரத்தில் சிக்கும் என்பதால் அங்கே நீள முடி கூடாது. கிளம்புகிற அன்று காலை, பெட்டி வாசலில் நிற்க, மகள் அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்து கழுத்தைக் காட்டினாள். அவளுக்கு இடது கடைவாய்ப் பல் வலித்துக்கொண்டிருந்தது. கத்தரிக்கோலை எடுத்த அறிவிப்பாளர் முடிவெட்டுகிறவரைப் போல வெட்டியிருக்கலாம். ஆனால் முப்பது வருஷமாகக் கை ஒரே வெட்டுதான் வெட்டியிருக்கிறது. பின்னலின் அடியில், பிடரியோரம் கட்டியிருந்த ரப்பர் வளையம் கைக்குக் கணுவாகத் தெரிந்தது. அதற்கு ஒரு விரற்கடை கீழே, சாய்வாக, ஒரே வெட்டு. ரத்தம் வரவில்லை. பிடரியில் சாய்வாக ஒரு வெள்ளைக்கோடு விழுந்தது, அவ்வளவுதான். மகள் ஏழு பத்து வண்டியில் போனாள். அம்மாவே அந்த வண்டியை அறிவித்தார். மாலையில் வீடு திரும்பிப் பின்னலைக் குப்பையில் போட மனம் வராமல் நின்றபோது, கை தன்பாட்டுக்கு அதை ஒரு பழுப்புப் பாட்டிலில் செருகிவிட்டது.

இரண்டாம் மாதம் பின்னலின் மூன்று புரிகளும் விலகி, நடுவில் ஒரு காது வந்தது. புது இலை போலச் சுருண்டு, ஈரமாக. அறிவிப்பாளர் அதன் அருகில் சத்தமாகப் பேசுவதைத் தவிர்த்தார். பாட்டிலிலிருந்து வாளிக்கும், வாளியிலிருந்து நீலப் பிளாஸ்டிக் தொட்டிக்கும் மாற்ற வேண்டியிருந்தது. ஈரப்பதத்துக்காக மேலே பாலிதீன் உறை போட்டுவைத்தார். அதன் உட்புறத்தில் முதலில் நீர்த்துளிகள் படிந்தன, பிறகு மூச்சு படிந்தது. ஒன்றே முக்கால் வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உறையை எடுத்தபோது மகள் கண்ணைத் திறந்து, "சீக்கிரம்மா, வண்டி வந்துடும்," என்றாள்.

வெட்டுகிற நொடியில் மகளுக்கு வாயில் இருந்த சொல் அது. வெட்டித் துளிர்ப்பது குழந்தை இல்லை, அதே செடிதான். வயது, குணம், நோய் எல்லாம் அப்படியே வரும் என்பது அறிவிப்பாளருக்குத் தெரியும். கடைவாய்ப் பல்லும் வலித்துக்கொண்டே வந்தது. பல் மருத்துவர் பழைய அட்டையைத் தேடி எடுத்து, சொன்ன தேதிக்கு இவ்வளவு தாமதமாகவா வருவது என்று கடிந்துகொண்டு அடைத்துவிட்டார். தெரு இவளை இளையவள் என்றது. ஒற்றைப் பிள்ளையாகவே வளர்ந்தவள் அன்றிலிருந்து ஊரில் இல்லாமலே மூத்தவள் ஆனாள். மருந்துக்கடைக்காரர் மட்டும் மாடிப்படியில் நின்று, "அக்கா, என் மருமகன் முடி கிடி வெட்டிக்க வந்தா விட்டுடாதீங்க. ஒண்ணையே தாங்க முடியல," என்றார்.

இளையவள் அதிகம் சாப்பிடவில்லை. உட்காரும்போது காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டாள். முகம் எப்போதும் ஜன்னல் பக்கம் இருந்தது. வாரம் ஒருமுறை அவள் நாற்காலியை அம்மா கால்வட்டம் திருப்பிவைத்தார். கையும் பேச்சும் சிரிப்பும் மகளுடையவை. ஒரே ஒரு குறை. கிளம்புகிற அவசரத்தில் வெட்டுப்பட்டவள் என்பதால் அந்த அவசரம் அவளை விடவில்லை. தினமும் காலையில் எழுந்து வாசலுக்குப் போய், அங்கே இல்லாத பெட்டியைக் கையால் தேடுவாள்.

"வண்டி வந்துடுச்சாம்மா?"

"அது போயிடுச்சுடி."

"நீ அறிவிக்கவே இல்லையே."

"அறிவிச்சேன். உனக்குக் கேட்கல."

அவள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாள். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தும், இருக்க விரும்பாத ஆளாக இருந்தது அறிவிப்பாளருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: மூத்தவள் ஒருமுறை வந்து, தானாக நாலு நாள் இருந்துவிட்டுப் போக வேண்டும்.

பின்னலிலிருந்து இளையவள் வளர்ந்ததை மூத்தவளிடம் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கம் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலாக அவள், "குழாய்த் தண்ணியா, கொதிக்க வச்சு ஆறினதா?" என்று கேட்டாள். குழாய்த் தண்ணீர்தான், ஒருநாள் திறந்துவைத்தது என்றார் அம்மா. எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றினாய், எப்போது தொட்டிக்கு மாற்றினாய் என்றெல்லாம் அவள் கேட்டுக்கொண்டாள். பொறாமை இல்லாத பிள்ளை என்று அம்மா நினைத்தார். மற்றபடி அந்த நாலு வருஷத்துப் பேச்சும் இரண்டே வாக்கியங்கள்தான். நீ எப்போது வருகிறாய் என்று கேட்டால் அங்கிருந்து, "லீவு கிடைக்கலம்மா" என்று வரும். நீ வாயேன் என்று அங்கிருந்து கேட்டால் இங்கிருந்து, "செடிக்கெல்லாம் யாருடி தண்ணி மாத்துவா" என்று போகும். இரண்டும் பொய்யில்லை. பொய்யாக இருந்தால் மாற்றியிருக்கலாம்.

நாலாம் வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் அவள் வந்து நின்றாள். பிற்பகல் மூன்றரை மணி வண்டி. அறிவிப்புக் கூண்டின் கண்ணாடி வழியாக அவள் இறங்குவதைப் பார்த்த அறிவிப்பாளர் ஒலிவாங்கியை அணைக்க மறந்து, "வந்துட்டியா கண்ணு!" என்றார். நிலையம் முழுக்கக் கேட்டது. எட்டாம் நடைமேடையில் யாரோ, "வந்துட்டேன்மா!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் அவள் ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தொட்டாள். "அப்பாடா, வீடு," என்று மூன்று முறை சொன்னாள். இளையவள் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "நீ எந்த வண்டியில வந்தே?" என்று மட்டும் கேட்டாள். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மகளைத் தரையில் உட்காரவைத்தார். முடி தோள் தாண்டி வளர்ந்திருந்தது. இதை எப்படித் தொழிற்சாலையில் விட்டார்கள் என்று நினைத்தபடியே தூக்கிப் பார்த்தார். பிடரி வழவழப்பாக இருந்தது. கோடு இல்லை.

அவர் எண்ணெயைத் தடவி முடித்தார். பிறகு, பயணத்தில் கால் வீங்கியிருக்கும் காட்டு என்று சொல்லி, மகளின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். உள்ளங்காலில், குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை, சாய்வாக ஒரு தடித்த காய்ப்பு. வேர் விட்ட இடம். இளையவளுக்கும் அதே இடத்தில் அதே காய்ப்பு உண்டு. அறிவிப்பாளர் அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீ இல்லையா?" என்றார் கடைசியில்.

"அவளுக்கு லீவு கிடைக்கலம்மா," என்றாள் மகள். "நீ கேட்டுட்டே இருக்கியாம். அதான் என்னை அனுப்பினா. ரெண்டு வருஷம் வளர்த்தா. அவளே வெட்டிக்கிட்டா, கண்ணாடியைப் பார்த்துட்டு. வெட்டும்போது வீட்டை மட்டும் நினைச்சாளாம்."

நினைத்தது வேர் பிடித்திருந்தது. இவள் வீட்டை விட்டு நகரவே இல்லை. காலையில் இளையவள் பெட்டியைத் தேட எழுந்தால் இவள் கையைப் பிடித்து, "எங்கே போறே, உட்காரு," என்பாள், அவளும் உட்கார்ந்துவிடுவாள். கிளம்ப வேண்டியவளும் வந்து சேர்ந்தவளும் ஒரே தொட்டியில் காலை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறிவிப்பாளர் இருவரையும் பார்த்தபடி, தொலைவில் கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்து, கையைப் பின்னால் கொண்டுபோய்க் கணு தேடிய ஒருத்தியை நினைத்துக்கொண்டார். அவள் கழுத்தில் இப்போது இரண்டு கோடுகள் இருக்கும்.

அந்த வாரமே அவர் அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்து, வந்து சேர்ந்தவளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தார். நரைத்த பின்னல், மெலிந்தது. வெட்டும்போது மகளை நினைக்க வேண்டும், பேருந்தை நினைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். வேர் விட்டு வளர்வதை அனுப்பிவிடலாம், பதிலுக்குப் பதில். நினைக்கத்தான் செய்தார். ஆனால் கத்தரி கடிக்கிற நொடியில் கண் ஜன்னல் விளிம்புக்குப் போயிற்று. அன்று மூன்றாம் நாள். தண்ணீர் மாற்றவில்லை.

வயதான தண்டு மெதுவாகத்தான் வேர் பிடிக்கும். இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆயிற்று. உறையை எடுத்ததும் அந்த அம்மாள் தன் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, சுற்றிலும் பார்த்து, "இதுக்கெல்லாம் தண்ணி மாத்தலையா?" என்றார். எழுந்து, ஈரக்காலோடு, அறுபத்து மூன்று பாட்டில்களுக்கும் தண்ணீர் மாற்றினார். மகள்களின் நாற்காலிகளைக் கால்வட்டம் திருப்பினார். ஊருக்குப் போகணுமே என்று அறிவிப்பாளர் மெல்லச் சொல்லிப் பார்த்ததற்கு, "நல்லா இருக்கே! நான் போயிட்டா செடிக்கெல்லாம் யாரு தண்ணி மாத்துவா?" என்றார்.

அறிவிப்பாளர் மூத்தவளுக்குத் தொலைபேசியில் வரும் நாளைச் சொன்னார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

ஏழு பத்து வண்டியில் ஜன்னலோர இருக்கை. முப்பது வருஷம் அறிவித்த வண்டியில் அவர் ஏறியது அதுதான் முதல் தடவை. ஒலிபெருக்கி கரகரத்து, அவருடைய குரலிலேயே வண்டி எண்ணையும் நடைமேடையையும் சொல்லி, பயணிகள் உடனே ஏறிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டது. அறிவிப்பு சரியான நேரத்துக்கு வந்தது. நடத்துநர் கூண்டையும் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு முழு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ஆறே கால் மணிக்கு வண்டி போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலைச் சீருடையோடு மகள் கம்பியோரம் நின்றிருந்தாள், கண்ணோரம் கருத்திருந்தது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கவும் இல்லை. பக்கத்தில் வந்து, பின்னால் கையை விட்டு, வளர்ந்திருந்த நரைமுடியை ஒதுக்கிப் பிடரியைத் தடவினாள். விரல் சாய்வாக ஒருமுறை மேலே போய், கீழே வந்தது.

"நீயேவா?" என்றாள்.

அறிவிப்பாளர் மகளின் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று அவர் போட்டது. இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, "லீவு போட்டியா?" என்று கேட்டார்.

"நாலு நாள்," என்றாள் மகள்.