ஐந்நூறு மீட்டருக்குள் மச்சான்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்தது இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு, மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போனில் வந்தது. பேசியவர் என் வீட்டுக்காரர். செல்போன்களைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. வேலை நேரத்தில் என்னைக் கூப்பிடவே மாட்டார். கல்யாணமான புதிதிலேயே கூப்பிட்டதில்லை.

"உன் தம்பி இப்ப எங்க இருக்கான்?"

"இதென்னங்க கேள்வி? கடல் தாண்டி இருக்கான்."

"இல்லம்மா. இங்கதான் எங்கயோ இருக்கான். என்கிட்டேருந்து ஐந்நூறு மீட்டருக்குள்ள."

'தூக்கிவாரிப் போட்டது' என்று எழுத வேண்டிய இடம் இது. எனக்கு அப்படி ஒன்றும் போடவில்லை. கையிலிருந்த சட்டையை மறுபடி பிழிந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. இன்னொரு தடவை பிழிந்தேன்.

2

எப்படித் தொடங்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். நோட்டில் இருப்பவை:

நகரத்தின் கோபுரங்கள் மௌனமாக — (வேண்டாம், பந்தா.)

தம்பி கிளம்பிய அன்று மழை — (பெய்யவில்லை.)

சரி, விஷயத்தையே சொல்லிவிடுகிறேன். நம் போன்கள் டவரோடுதான் பேசும். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டாலும் பேச்சு டவர் வரை போய்த்தான் திரும்பி வரும். இவர் சோதிப்பது வேறு. அதே அலையில் ஒரு போன் சில நொடிக்கொரு தடவை ஒரு சின்னக் குறியீட்டைத் தானாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில், ஐந்நூறு மீட்டருக்குள் இருக்கும் போன்கள் அதை நேராகக் கேட்டுக்கொள்ளும். டவர் அனுமதி தருவதோடு சரி.

[அடிக்குறிப்பு போல ஒன்று: அந்தக் குறியீடு 'இருக்கிறேன்' என்று மட்டும்தான் சொல்லும். எங்கே, ஏன் என்பதெல்லாம் அதில் கிடையாது.]

ஆரம்பத்தில் சோதிக்கப் போதுமான போன் இல்லாமல், இவர் வீட்டுப் போன்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் பெயரும் வைத்தார். என் அம்மாவின் போனுக்கு 'மேலிடம்'. தம்பியுடையதற்கு 'மச்சான்'. பிறகு ஆபீசில் புதுப் போன்கள் வந்தன. எங்களை நீக்காமல், தொந்தரவாக இருக்கிறது என்று திரையிலிருந்து மட்டும் மறைத்து வைத்தார். வருடத்துக்கு ஒருமுறை பட்டியல் மொத்தத்துக்கும் அனுமதி புதுப்பித்தபோது நாங்களும் சேர்ந்தே புதுப்பிக்கப்பட்டோம். செவ்வாய்க்கிழமை ஊரின் இன்னொரு மூலையில் நடந்துகொண்டே திரையை மாற்றி அமைத்திருக்கிறார். மறைத்தவை எல்லாம் வெளியே வந்தன. 'மச்சான்' பக்கத்தில் இருப்பதாகக் காட்டியது.

3

இந்தத் தம்பி பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை.

போய் இரண்டு வருடம் ஆகிறது. கிடங்கு வேலை என்றான். ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவான், பின்னால் வெள்ளைச் சுவர். போன ஞாயிறு அம்மா கேட்டார்: "ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு நடை வந்துட்டுப் போயேன்டா." லீவு கிடைக்காது என்றான். குளிர் எலும்பைத் துளைக்கிறது என்றும் சொன்னான். அம்மா அன்று முழுக்க அந்தக் குளிரை நினைத்தே வருத்தப்பட்டார்.

காரணம் எழுதிப் பார்த்தேன். ஏஜென்ட் ஏமாற்றி, மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், ஊரைக் கூட்டி வழியனுப்பிய வீட்டுக்கு எந்த முகத்தோடு — (இருக்கலாம்.) அங்கே போகவே இல்லை, விமான நிலையத்திலிருந்தே — (ஐயோ, அப்படி இருக்காது.) எதை எழுதினாலும் யாரோ ஒருவனின் தம்பியாக இருக்கிறானே தவிர என் தம்பியாக இல்லை.

புதன்கிழமை மதியம் இவரோடு நானும் போனேன். சிக்னல் பலத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினோம். கூடினால் முன்னே, குறைந்தால் பின்னே. கீழே சலவைக் கடையும் மேலே வாடகை அறைகளும் இருந்த ஒரு கட்டடத்தின் முன்னால் எண் உச்சிக்குப் போய் நின்றது.

"மேல போலாமா?" என்றார்.

"வேண்டாங்க."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"அவன் கதவைத் திறந்தா நான் என்ன கேக்கறது? நீங்களே சொல்லுங்க, என்ன கேக்கறது?"

திரும்பி வந்துவிட்டோம்.

4

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை இவர் பழைய பதிவுகளைத் தோண்டியிருக்கிறார். மறைத்து வைத்த போன்களையும் இவர் போன் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதில் ஒரு வரியைக் காட்டினார். போன வருடம், அப்பா இறந்த மறுநாள். 'மச்சான். காலை 9.10 முதல் 9.50 வரை.'

அன்று இவர் போன் எங்கள் கூடத்து அலமாரியில் இருந்தது. ஒன்பதே காலுக்குத் தம்பி வீடியோவில் வந்தான். லீவு தரவில்லை அக்கா என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்கட்டும் என்று நான்தான் என் போனைத் தூக்கிப் பிடித்தேன். கை கடுக்கக் கடுக்கப் பிடித்தேன். ஒன்பது ஐம்பதுக்கு அப்பாவை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் தெருவில் வெள்ளைச் சுவர் எத்தனை என்று ஜன்னலில் நின்று எண்ணினேன். நான்கு. அவன் மேல் கொலைவெறி வந்தது. அந்தச் சுவர்களில் ஏதோ ஒன்றில் சாய்ந்து தனியாக அழுதிருப்பான் என்று நினைத்ததும் நானும் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"அப்பவே நான் பாத்திருந்தா கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்" என்றார் இவர்.

5

முடிவுகள்.

ஒன்று: அக்கா எதுவும் சொல்வதில்லை. ஞாயிறுதோறும் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டே — (இதற்கு எனக்கு நெஞ்சழுத்தம் போதாது.)

இரண்டு: அம்மாவிடம் சொல்லிவிடுகிறாள். அம்மா — (ஆபரேஷனுக்கு ஆறு நாள் இருக்கும்போதா? டாக்டர் என்னை உதைப்பார்.)

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவன் அவன்தான். பிழை திருத்தி, "முடிவை சொதப்பிட்டக்கா" என்று பதில் போடுவான். இதையும் அவனுக்குத்தான் அனுப்பப் போகிறேன்.

டேய், படித்துவிட்டாயா?

வரும் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோவார்கள். உன் மாமாவிடம் எந்தப் போனையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து நின்றால் எனக்குத் தெரியும். அதை வந்ததாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவது மாடி, பதினாறாம் அறை. ஏழு மணிக்குள் மேலே வா. நான் வராந்தாவில் இருப்பேன், ஒன்றும் கேட்க மாட்டேன்.

கதவைத் திறந்ததும் அம்மாவிடம் என்ன சொல்வாய் என்பதை நான் எழுதப் போவதில்லை.