வலது கை கொடுத்த நோட்டீஸ்

விஜயதசமி அன்று காலை ஒன்பதரை மணிக்கு ராஜகனியின் வலது கை, வேலையை விட்டுப் போவதாக நோட்டீஸ் கொடுத்தது. பதினைந்து நாள் அவகாசம். சிவகாசியில் அதுதான் வழக்கம். அச்சகத்தில் படம் வரைகிறவர்களின் கைக்கு, வரைய நல்ல சாதனம் இருக்கிற இடமாகப் பார்த்துப் போக உரிமை உண்டு. எடுத்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, பதினாறாம் நாள் காலையில் மணிக்கட்டிலிருந்து கழன்று, வாசலில் வந்து நிற்கிற புது ஆளோடு கிளம்பிவிடும். யாரும் தடுப்பதில்லை. பிடித்து வைத்த கை வரைந்த படம் விளங்குமா?

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, இது லேசில் விட்டுவிடக்கூடிய கை இல்லை. காலண்டர் அட்டைக்கு மயில் வரைகிற கைகள் ஊரில் நூறு இருக்கும். அவை வரைந்த மயிலெல்லாம் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கும். இந்தக் கை வரைந்த மயில் இப்போதுதான் மழையை உதறிவிட்டு வந்ததாக இருக்கும். சேலத்து நகைக்கடைக்காரர் ஒருவர் ஒவ்வொரு ஆடியிலும் போன் போட்டு, "போன வருசம் வரைஞ்ச அதே கைதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார். இத்தனையும் எதை வைத்து? மவுசை வைத்து! சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை மேசையில் உருட்டி உருட்டி மயிலுக்குத் தோகை விரிப்பதென்றால், அந்தக் கையைக் கும்பிடத்தான் வேண்டும்.

கும்பிடாமல் விட்டதுதான் வினையாகப் போயிற்று.

நோட்டீஸ் முறைப்படி இருந்தது. அனுப்புநர் வலது கை. பெறுநர் திருமதி ராஜகனி, ஓவியர், வெயிலுகந்தாள் ஆஃப்செட். எழுத்து முத்து முத்தாக இருந்தது. "ஆறு வருடமாக நான் பூப்போலத் தொட்டாலும் ஒரே கோடு, உயிரைக் கொடுத்து அழுத்தினாலும் ஒரே கோடு. நான் அழுத்தியது யாருக்கும் தெரியவில்லை. நேற்று ஆயுத பூஜையில் மவுசுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். கீபோர்டுக்கு வைத்தேன். ஃபேன் சுவிட்சுக்கும் வைத்தேன். எனக்கு யாரும் வைக்கவில்லை. ஆகவே என்னை விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கீழே சாட்சிக் கையெழுத்தை இடது கை போட்டிருந்தது. அதன் எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து.

ராஜகனி அவசரமாகச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து இடது கையால் குழைத்தாள். வலது கை இறுக மூடிக்கொண்டது. நேற்று வைத்திருக்க வேண்டியது அது.

நோட்டீஸ் விஷயம் பதினொரு மணிக்குள் எதிர்த் தெருவுக்குப் போய்விட்டது. அங்கே வேறோர் அச்சகத்தில் ஞானமுத்து என்கிற ஓவியர் இருந்தார். அவருடைய வலது கை போன ஆனியில் ஹைதராபாத்துக்கு, கார்ட்டூன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தது. திரையிலேயே பேனா வைத்து வரைகிற பெரிய பலகை ஒன்று அவரிடம் உறை போட்டுச் சும்மா கிடந்தது. நல்ல மனிதர். நேரில் வந்து, முதலில் ராஜகனியிடம் வருத்தம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கையிடம் பேச்சுக் கொடுத்தார். புறப்படும்போது தன் இடது கையை நீட்டினார். ராஜகனியின் வலது கை அதைப் பிடித்தது, பிடித்துக் கொஞ்ச நேரம் விடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

வேலை போய்விடுமே என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ராஜகனிக்குப் பேச வராது. நாலு பேர் கூடிய இடத்தில் சுவரோரமாக நிற்கிற ஆள். கல்யாண வீட்டில் சாம்பார் வேண்டுமென்று கேட்கக்கூடக் கூச்சம். அவள் சொல்ல நினைத்ததையெல்லாம் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கைதான். அது போய்விட்டால் அவள் வாயில்லாப் பூச்சி.

அச்சக உரிமையாளர் தனுஷ்கோடி அண்ணாச்சி நோட்டீசை இரண்டு தடவை படித்தார். என்ன கையெழுத்து, என்ன கையெழுத்து என்று தலையை ஆட்டி ஆட்டி ரசித்துவிட்டு ஃபைலில் கோத்தார். சாதனம் வாங்கித் தருவீர்களா என்று ராஜகனி தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மெஷினுக்கு ரோலர் வாங்குவதுதான் அச்சகத்தின் பொறுப்பு, கைக்கு வாங்குவது கையை வைத்திருக்கிறவர் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

பதினோராம் நாள் அவள் கையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். ஒரு நல்ல மிக்சி வாங்குகிற அளவுக்கு அவளிடம் பணம் இருந்தது, அவ்வளவுதான். கடைக்காரர் அமலதாஸ் அவளை "அக்கா" என்றார், கையை "வாங்க" என்றார். இருவருக்கும் மரியாதை குறையாமல் நடந்துகொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணாடி மேசையில் துண்டு விரித்துக் கையை அதன்மேல் உட்காரவைத்து, விரல் நனைக்க ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்தார். பென் டேப்லெட், அதாவது பேனாவால் வரைகிற பலகை, பார்க்க வருகிற கைகள் பயணக் களைப்போடு வரும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் உள்ளங்கை அகலத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். விலை மிகக் குறைவு. ஆனால் இந்தக் கை தோளிலிருந்து வீசி வரைகிற கை. ஒரே இழுப்பில் தோகையின் கோடு பலகையைத் தாண்டி, கண்ணாடி மேசையைத் தாண்டி, பில் புத்தகத்தின்மேல் ஏறி இறங்கி, பிரிண்டருக்கு மை வாங்க வந்து நின்ற ஒருவரின் சட்டைத் தோளில் போய் முடிந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு மையை வாங்கிக்கொண்டு போனார். சின்னப் பலகை கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் ஆகும் என்று அமலதாஸ் அதை எடுத்து வைத்துவிட்டார்.

இரண்டாவது பலகையின் பேனாவுக்குச் சார்ஜ் போட வேண்டும். பேனாவும் கனம். மயிலுக்குக் கொண்டை, கண், கழுத்து வரைக்கும் வந்தபோது சார்ஜ் தீர்ந்து பேனா தூங்கிப்போனது. கழுத்துவரை வந்த மயிலும் தூங்கிவிட்டது. அமலதாஸ் அதை எழுப்பாமல் பெட்டியை மூடினார்.

பெட்டிகளின்மேல் எட்டாயிரம், பதினாறாயிரம் என்று, பேனாவின் அழுத்தத்தை எத்தனை படியாகப் பலகை உணரும் என்பதற்கு ஏதோ எண் போட்டிருந்தது. எண் கூடக் கூட நல்லதுதானே என்று ராஜகனி கேட்டாள். அமலதாஸ் பொய் சொல்லி விற்கிற ஆள் இல்லை. எட்டாயிரத்துக்கு மேலே போனால் அது பெட்டியில் போட்டுக்கொள்கிற நம்பர்தான், கைக்கு வித்தியாசம் தெரியாது என்றார். கை மேசையை இரண்டு தடவை தட்டி ஆமோதித்தது. தன்னால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்து வைத்திருக்கிற கை. அதுவும் ஒரு அழகுதான்.

அப்புறம் கை தானாகவே ஆள்காட்டி விரலை நீட்டி அலமாரியின் மேல்தட்டைக் காட்டியது. அங்கே திரையோடு கூடிய பலகை ஒன்று இருந்தது, ஞானமுத்துவிடம் இருக்கிறதே, அதே ரகம். அமலதாஸ் இறக்கி வைத்தார். கை அதன் கண்ணாடியை ஒரு தடவை மெதுவாகத் தடவியது. விலை மூன்று மிக்சியும் ஒரு கிரைண்டரும் ஆகும். ராஜகனி விலைச்சீட்டைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பேச வராத ராஜகனி, முன்பின் தெரியாத கடையில், வாயைத் திறந்தாள்.

"உனக்கு இதுதான் சரின்னா ஞானமுத்து அண்ணன்கிட்டப் போயிரு. நான் இழுத்துப் பிடிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. ஆறு வருசமா நீ அழுத்தின ஒவ்வொரு அழுத்தும் எனக்குத் தோள் வரைக்கும் வலிச்சிருக்கு. யாருக்கும் தெரியலைன்னு மட்டும் எழுதாத."

கை கண்ணாடியின்மேல் அப்படியே கிடந்தது. அமலதாஸ் வெந்நீரை மாற்றிக்கொண்டு வந்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கை அந்தப் பலகையை விட்டு இறங்கி, துண்டின்மேல் வந்து உட்கார்ந்தது.

"இன்னொண்ணு இருக்குக்கா," என்றார் அமலதாஸ். கறுப்பாக, பத்தங்குல அகலத்தில், திரை இல்லாத பலகை. மேல்பரப்பு நல்ல தாள் மாதிரி கொஞ்சம் சொரசொரவென்று இருந்தது. பேனாவுக்குச் சார்ஜும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். தேய்ந்தால் மாற்றிக்கொள்ள எட்டு முனைகள் கூடவே வந்தன. ஒரே ஒரு சங்கடம். கை கீழே வரையும், படம் மேலே மானிட்டரில் வரும். கண்ணை அங்கே வைத்துக்கொண்டு கையை இங்கே விட வேண்டும். தலை சுற்றுகிறது என்று ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு என்று அவரே சொன்னார். கையைப் பார்க்காதீர்கள், மானிட்டரை மட்டும் பாருங்கள் என்றார்.

ராஜகனி மானிட்டரைப் பார்த்தாள். அமலதாசும் மானிட்டரைப் பார்த்தார். கையை யாரும் பார்க்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்தக் கையை எப்போதும் யாராவது பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அச்சகத்தில் முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி, எல்லா நேரமும் ராஜகனி. முதல் தடவையாக அது தனியாக விடப்பட்டது.

மானிட்டரில் ஒரு கோடு புறப்பட்டது. தலைமுடியின் பருமனில் ஆரம்பித்தது. அவசரப்படாமல் வளைந்தது. வளைவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, நடுவில் நிறைந்து, அப்புறம் மறுபடியும் மெலிந்து மெலிந்து, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாதபடி முடிந்தது. மயிலின் கழுத்து. வேறொன்றும் இல்லை, கழுத்து மட்டும். அமலதாஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அடேயப்பா, ஒரே ஒரு கோடு! அந்த ஒரு கோட்டுக்குள் அந்தக் கை ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்தது எல்லாமே இருந்தது. ராஜகனிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. தோள் கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

கோட்டுக்குப் பக்கத்தில் கை சின்னதாக எழுதியது: "இது போதும்."

மிக்சி விலைக்கும் கொஞ்சம் குறைவாகவே ஆயிற்று. ராஜகனி பையில் வைத்திருந்த நோட்டீசின் நகலைக் கிழிக்கலாமென்று வலது கை எடுத்தபோதுதான், ஒரு கையால் காகிதம் கிழியாது என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. இடது கை உடனே ஒத்துழைக்கவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டது அது அல்லவா. அமலதாஸ் பலகையின் இடது ஓரத்தைக் காட்டி விளக்கினார். அங்கே ஆறு பொத்தான்கள் வரிசையாக இருந்தன. கோட்டைப் பெரிதாக்க, சிறிதாக்க, தப்பை அழிக்க, எல்லாம் இடது கைக்கான வேலை. வருடக்கணக்காக மடியில் சும்மா கிடந்த கை, ஆறையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தது. அப்புறம் காகிதத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது.

ஞானமுத்துவுக்கு ராஜகனி தானே போன் செய்து சொன்னாள். நல்ல கை, எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று அவர் மனதார வாழ்த்தினார். அடுத்த நாலு நாளில் கை பதினோரு மயில் வரைந்தது. அண்ணாச்சி பதினோராவது மயிலின் முன்னால் நின்றவர், டீ ஆறியதைக்கூடக் கவனிக்காமல் நின்றார். அப்புறம் பூஜை அறைக்குப் போய்ச் சந்தனம் எடுத்துவந்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, கையின் பின்புறத்தில் தாமே ஒரு பொட்டு வைத்தார். கை இந்த முறை மூடிக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் நாள் மாலை கை அவளுக்கு ஒரு சீட்டு எழுதியது. "வரையும்போது நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. ஆகையால் நாளை முதல் நான் ஏழே முக்கால் பஸ்ஸில் முன்னால் போய் ஆரம்பித்துவிடுகிறேன். நீங்கள் சமையலை முடித்துவிட்டு நிதானமாக ஒன்பதரைக்கு வந்து மானிட்டரைப் பார்த்தால் போதும்." படித்து முடித்தபோது ராஜகனிக்கு ஒரு கணம் பகீரென்றது. பிறகு, பலகையும் பேனாவும் கொள்கிற மாதிரி ஒரு தோள்பை தேடி எடுத்து வைத்தாள்.

பதினாறாம் நாள் காலையில் கை மணிக்கட்டிலிருந்து கழன்றுகொண்டது. வாசலில் யாரும் நிற்கவில்லை. அவளே அதை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனாள். பஸ் வந்தது. இடது கையால் அதைப் படியில் ஏற்றி, பையையும் மேலே வைத்தாள். நடத்துநர் வளையலைப் பார்த்தார், மகளிருக்கான இலவசச் சீட்டு ஒன்றைக் கிழித்து விரல்களுக்கு நடுவே செருகினார்.

"ஜன்னலோரம் காலியா இருக்கு, உக்காருங்கம்மா," என்றார்.

பஸ் நகர்ந்தபோது கை ஜன்னல் வழியாக வெளியே வந்து அவளைப் பார்த்து அசைந்தது. ராஜகனி இடது கையை ஆட்டினாள். ஜன்னலுக்கு மேலே, கரம் சிரம் புறம் நீட்டாதீர் என்று எழுதியிருந்தது. கை அந்த எழுத்துகளைத் தடவிப் படித்துவிட்டு, அடக்கமாக உள்ளே போய், கம்பியின்மேல் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டது.